ஞானதீபம் போட்ட பிடி அரிசி

எம். புதுப்பட்டி
18-8-1963

அன்பு மகன் இன்பராஜுக்கு அப்பா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகம், பிலாய் உருக்காலையில் வேலை பார்க்கும் உனக்கும் குறைவில்லாத சுகம் தரும்படி தினமும் ஜெபிக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை.

உன் கடிதம் கிடைத்தது. வீடு, ஆஸ்பத்திரி, கடைசிக்காலப் பணம் எல்லாம் கம்பெனியே தருகிறது, கோவிலுக்குப் போகவேண்டிய அவசியம் தோன்றவில்லை என்று எழுதியிருந்தாய். பத்து நாள் கையிலேயே வைத்திருந்தேன், இந்தச் சனிக்கிழமை இங்கே ஒன்று நடந்தது. நம் சபையில் ஞானதீபம் இருக்கிறாளே, அவள் புருஷன் போன மாதம் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும்போது வெடித்து இறந்துபோனான். மூன்றும் சின்னப் பிள்ளைகள். முதலாளி ஆலையைப் பூட்டிவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார், கேட்க நாதியில்லை. சோறாக்கும்போதெல்லாம் அம்மா கோவிலுக்கென்று ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் எடுத்து வைப்பாளே, அப்படி வீடுவீடாகச் சேரும் அரிசியில் பாதியை அவளுக்குக் கொடுப்பதென்று சபையார் கூடி முடிவு செய்தோம். சனிக்கிழமை நான் அரிசி சேர்க்கச் சாக்கோடு போனபோது அவள் வீட்டை மட்டும் தாண்டிப் போனேன். பின்னாலேயே ஓடிவந்து மறித்துக்கொண்டாள். "என்ன வாத்தியாரையா, எங்க வீடு கண்ணுக்குத் தெரியலையா" என்றாள். உனக்குத்தானே தாயி இது வரப்போகிறது, நீ எதற்குப் போடவேண்டும் என்றேன். "நீங்க குடுக்கிறத வாங்கிக்கிடுதேன், வேண்டாங்கல. நான் போடுறத நிறுத்திட்டா இந்தச் சபையில நான் யாரு? போட்டாத்தான் ஆண்டவர் என்னைய விட்டுறலைன்னு பயமில்லாமக் கண்ணடையுது" என்று சொல்லிப் பானையைச் சாக்கில் கவிழ்த்தாள். அடுப்பு எரியாத நாள் போக மிச்ச நாளுக்கெல்லாம் எடுத்து வைத்திருந்தாள்.

முப்பது வருஷமாய் வேதம் வாசிக்கிறேன், மாதச் சம்பளமும் வருகிறது, ஆனாலும் முதுமையை நினைத்துப் பயப்படாத நாளில்லை. அவள் எதிரில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தேன், எப்போது கழற்றினேன் என்று தெரியாது. அவள் நம்புவது ஆண்டவரையா எங்களையா என்று வீடு வரும்வரை யோசித்தேன், பிரித்துப் பார்க்க முடியவில்லை, அவளுக்கும் அது இரண்டாக இல்லை போலும். உன் கம்பெனி தருவது போல அவள் புருஷனுக்கும் கிடைத்திருந்தால் முதலில் ஸ்தோத்திரம் சொல்லுகிறவன் நானாக இருந்திருப்பேன். உன்னைக் கண்டிக்க இதை எழுதவில்லை, கண்டதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கர்த்தர் உன்னைச் சகல ஆபத்துக்கும் விலக்கிக் காப்பாராக. குளிர் தொடங்குமுன் கம்பளி வாங்கிக்கொள். கோவிலுக்குப் போனாயா என்று பதிலில் எழுதவேண்டாம், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது, அம்மா அதைத்தான் கேட்கிறாள்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அப்பா
தேவாசீர்வாதம்