கடைசி இரண்டு வளைவுகள்

அன்பு மகளுக்கு,

நானும் உன் அம்மாவும் நலம். நீயும் வேளைக்கு உண்டு, உறங்கி, நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவின் முழங்கால் வலி குறைந்துவிட்டது, சமையலறைக் குழாய் ஒழுகுவதும் நின்றுவிட்டது. ஆக, வீட்டில் பழுதாகிக் கிடப்பது இப்போது நான் ஒருவன்தான்.

மலையேற்றப் போட்டிக்கான எங்கள் சைக்கிள் குழுவின் நால்வர் அணியில் இடம் கிடைத்துவிட்டது என்று போன வாரம் தொலைபேசியில் பெருமையடித்தேன், நீயும் அதைப் பார்க்கவென்றே விமானச் சீட்டு எடுத்துவிட்டாய். அந்த இடம் கிடைத்த விதத்தை எழுத அருவருப்பாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். ஏற்றத்தின் முதல் மூன்றில் ஒரு பங்கை, மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேசக்கூடிய வேகத்தில்தான் மிதிக்க வேண்டும், பலத்தைச் செங்குத்தான இடத்துக்கு மிச்சம் வைக்க வேண்டும் என்று நீ எழுதி அனுப்பிய விதியை, தேர்வு நாளன்று கைப்பிடியில் ஒட்டியே வைத்திருந்தேன். ஐந்தாம் நிமிடத்தில் உன் மாமா பக்கத்தில் வந்து, "என்ன அத்தான், நீங்க மலை ஏறுறீங்களா, இல்ல மலையே இறங்கி வந்து உங்களைக் கூட்டிட்டுப் போகணுமா?" என்றான். பல் மருத்துவன் அல்லவா, எங்கே தொட்டால் வலிக்கும் என்று அவனுக்குத் தெரியும். ஒரு கால்புள்ளி தவறினாலும் கோப்பைத் திருப்பி அனுப்புகிற நான், விதியைக் காற்றில் விட்டுவிட்டு, கனமான கியருக்கு மாற்றி எழுந்து நின்று மிதித்தேன். பாதி வழியில் தொடை இரண்டும் மரக்கட்டையாயின. காலையில் தின்ற வாழைப்பழம் தொண்டைக்கு வந்து சட்டையெல்லாம் கொட்டியது. அந்தப் புளித்த நாற்றத்தோடு நான் ஊர்ந்துகொண்டிருக்கையில், கடைசி இரண்டு வளைவுகளிலும் உன் மாமா என் முதுகில் கை வைத்துத் தள்ளினான். "கையை எடு" என்று சொல்ல மூச்சு இருந்தது, மகளே, நான்தான் சொல்லவில்லை. உச்சியில் நேரம் குறித்துக்கொண்டிருந்த எங்கள் குழுத் தலைவர், அந்த ஓவிய ஆசிரியர், கீழே நடந்தது தெரியாமல் "கலக்கிட்டீங்க சார்!" என்று கைதட்ட, நானும் பல்லைக் காட்டினேன். யார் கையும் படாமல் ஏறி, பதினெட்டு விநாடி வித்தியாசத்தில் என்னிடம் இடத்தை இழந்த மருந்துக்கடைக்காரர்தான் ஓடி வந்து தண்ணீர் கொடுத்தார். அதை வாங்கிக் குடிக்கவும் செய்தேன், சீ!

ஆறு நாள் கண்ணாடி முன் நின்று சவரம் செய்யவே கூசியது. நேற்று ஓவிய ஆசிரியர் வீட்டுக்குப் போய், நடந்ததைச் சொல்லி, என் பெயரை அடிக்கச் செய்தேன். "ஒரு கை வச்சதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? குளிச்சா போயிடும் அத்தான்" என்று உன் மாமா சிரித்தான். குளித்துப் பார்த்தாயிற்று, போகவில்லை. உன் அம்மாவோ, "அவ டிக்கெட் போட்டாச்சே, இப்ப அவகிட்ட என்னன்னு சொல்வீங்க?" என்று மட்டும் கேட்டாள். இதைத்தான் சொல்கிறேன்.

சீட்டை ரத்து செய்வதானால் செய், நான் வருந்த மாட்டேன் என்று பொய் எழுத மாட்டேன். வருவதானால் மருந்துக்கடைக்காரர் ஏறுவதைப் பார்க்க வா. அங்கே நீ ஓட்டுவதும் மேடும் பள்ளமுமான சாலை. பிரேக் கட்டைகளை மாதம் ஒருமுறை தவறாமல் சரிபார். எல்லா நலமும் பெற்று நிறைவாக வாழ்க. பதிலில் "பரவாயில்லப்பா" என்று மட்டும் எழுதிவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா