திங்கட்கிழமை வரை அவகாசம்

அன்புள்ள வாயாடிக்கு,

நான் நலம். நீயும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் எதைக் கேட்டாலும் பேச்சை மாற்றிவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து இந்த மெயிலை எழுதுகிறேன்.

நேற்றுக் காலை குடியுரிமை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். ராத்திரி லிஃப்ட் ரிப்பேர் வேலை முடித்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்தேன், கையில் கிரீஸ்கூடப் போகவில்லை. என் விண்ணப்பத்தில் குறை ஒன்றும் இல்லையாம். உன்னுடையதில்தான் சிக்கல். இந்த ஐந்து வருடத்தில் நீ அடிக்கடி ஊருக்குப் போனாய், போனால் மாதக்கணக்கில் தங்கினாய். "உங்க வீட்டுக்காரம்மா நிஜமாவே இங்கதான் குடியிருக்காங்களா, இல்ல பேருக்கு வந்து தலையைக் காட்டிட்டுப் போறாங்களா?" என்று முகத்துக்கு நேரே கேட்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அவ அப்பாவுக்கு ஆபரேஷன், பாத்துக்கப் போயிருக்கா. அது தப்பா?" என்றேன். அவர் குளியலறையை எட்டிப் பார்த்து, "ஒரு பிரஷ்தான் இருக்கு" என்றார். ஊருக்குப் போகிறவள் பிரஷ்ஷை வைத்துவிட்டா போவாள் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

வீம்புக்கு உன் அலமாரியை நானே அகலத் திறந்து காட்டினேன். வெறும் ஹேங்கர்கள். நீ போனதிலிருந்து அதை நான் திறக்கவே இல்லை, வாயாடி. சான்றிதழாவது இருக்குமே என்று டிராயரை இழுத்தேன். லேப் டெக்னீஷியன் சான்றிதழ், பழைய ஆஸ்பத்திரி கொடுத்த அனுபவக் கடிதம், ஒன்றையும் காணோம். அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க அதெல்லாம் எதற்கு?

அந்த அம்மா கொண்டுவந்த சந்தேகத்தை என்னிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார். இப்போது எல்லாமே வேறு மாதிரி தெரிகிறது. போன வாரம் உன் அண்ணனுக்குப் போன் செய்தபோது, "அவ வேலைக்குப் போயிருக்கா மாப்ள, சாயங்காலம் பேசுங்க" என்றார். உடனே, "இல்ல, ஆஸ்பத்திரி வேலையா போயிருக்கான்னு சொல்ல வந்தேன்" என்று இழுத்தார். படுத்த படுக்கை என்று நீ சொன்ன மாமா, "கேட்டைச் சாத்திட்டு வரேன்" என்று யாரிடமோ சொன்னதும் காதில் விழுந்தது. அன்றைக்கு நல்ல சேதிதானே என்று சந்தோஷப்பட்டேன். என்னை மாதிரி மடையன் உண்டா?

மாதக் கடைசிக்குள் நீ வராவிட்டால் இதுவரை இங்கே இருந்த வருடங்கள் செல்லாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதோடு, இதுதான் உன் நிரந்தர வீடு என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். பேனாவை வாங்கினேன், போடாமலே திருப்பிக் கொடுத்தேன். திங்கட்கிழமை வரை அவகாசம் கேட்டேன். அதுவரை அதட்டிக்கொண்டிருந்தவர், "பேசிப் பாருங்க சார்" என்றார் மெதுவாக. அந்தக் குரலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அங்கே உன் ரிப்போர்ட் என்றால் டாக்டர்கள் மறுபேச்சு பேச மாட்டார்கள். இங்கே கிடங்கில் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டினாய். பழைய வேலை திரும்பக் கிடைத்திருந்தால் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் ஏன் மறைத்தாய்? வேலை மட்டும்தானா, வேறு ஏதாவதா என்று மனம் எங்கெங்கோ போகிறது. அதட்டினாலும் அடங்க மாட்டேன் என்கிறது.

குடியுரிமைக்காக வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போகாதே. அந்த அம்மாவிடம் வேண்டுமானால் நான் பொய் சொல்லிக்கொள்கிறேன். என்னிடம் நீ பொய் சொல்லாதே. இந்த நாடுதான் வேண்டும் என்று நான் ஒருநாளும் பிடிவாதம் பிடித்ததில்லை. பிடித்தேனா? பிடித்திருந்தால் அதையும் எழுது.

மாமா எழுந்து நடக்கிறார் என்றால் நூறு வயது நடக்கட்டும். திங்கட்கிழமை அந்த அம்மா வாசலில் வந்து நிற்பார். நீ எங்கே குடியிருக்கிறாய் என்று நான் சொல்லட்டும்?

உன் பதிலுக்காகப் போனைக் கீழே வைக்காமல் இருக்கும்,
உன் வீட்டுக்காரன்