மாற்று வேட்பாளர்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் மனைவியும் சுகமாக இருக்கிறோம், இங்கு யாருக்கும் எதுவும் ஆகிவிடவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு முழங்கால் வலி இருக்கிறது. மழைக்கு ஒரு நாள் முன்னால் வந்துவிடும், வானிலை அறிக்கையை விட நம்பலாம். போனில் என்றால் நீ பேசுவாய், நான் "ம்" போடுவேன். கடிதத்தில் நான்தான் பேச முடியும், நீ குறுக்கே வர முடியாது. அதனால் உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் படி.

உன் மனைவி சட்டசபைத் தேர்தலில் நிற்கிறாள் என்பதைக் கட்சிக்காரர்கள் உனக்குப் போன் போட்டுச் சொன்னார்கள். எப்படி வந்தது என்பதை யாரும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். பதினோரு வருஷமாக அவள் மகளிர் அணியில் அலைந்தபோது நான் அதற்கு வைத்த பெயர் ஊர்சுற்றல். போன வருஷம் மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுப் போனாள் என்று அதைக் கொடுக்க அச்சகத்துக்கு மேலே இருக்கிற கட்சி ஆபீசுக்கு ஏறினேன். மகளிர் அணி என்ற பலகை, உடைந்த நாற்காலிகள் போட்டு வைக்கிற அறைக்கு வெளியே தொங்கியது. உள்ளே ஐந்து பெண்கள் சுவரொட்டிக் கட்டுகளின் மேல் உட்கார்ந்து, தெருவாரியாக வாக்காளர் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னறையில் மின்விசிறிக்குக் கீழே இருந்த ஒருவர், "தங்கச்சி, அப்படியே கீழ போய் நாலு டீ சொல்லிடேன்" என்றார். உன் மனைவி பேனாவைக் காதில் செருகிக்கொண்டு இறங்கிப் போனாள். எனக்கு வந்த கோபத்தை அந்த மனிதர் மேல் காட்டியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து அவள் மேல் காட்டினேன். அதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

இந்தத் தேர்தலில் வேட்பாளர், மாவட்டச் செயலாளர். கட்சியில் எல்லோரும் அவரை "மாவட்டம்" என்றுதான் கூப்பிடுகிறார்கள், ஏதோ அவரே வரைபடத்தில் இருப்பது போல. பெரிய வேட்பாளரின் மனு தள்ளுபடியானால் இருக்கட்டும் என்று கட்சி இன்னொருவர் பெயரிலும் மனு போட்டு வைக்கும். மாற்று வேட்பாளர் என்று பெயர், பேச்சில் டம்மி. அதற்கு எப்போதும் ஒரு பெண்ணைத்தான் பிடிப்பார்களாம், இந்தத் தடவை உன் மனைவியைப் பிடித்தார்கள். ஏன் என்று கேட்டேன். "பொம்பளைன்னா வாபஸ் வாங்குன்னு சொன்னா மறுபேச்சு இல்லாம வாங்கிடுவா, அத்தை" என்று சிரித்தாள். மாவட்டத்தின் மனுவை நிரப்ப இரண்டு வக்கீல்கள். டம்மி மனுவை நிரப்ப ஆளில்லை, வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நான் வாங்கி நிரப்பினேன். கேட்ட இடத்தில் பதில் எழுது, பதில் இல்லையென்றால் இல்லை என்று எழுது, வெறுமையாக விடாதே என்று கான்வென்டில் சிஸ்டர் விரல் முட்டியில் அடித்துச் சொல்லிக்கொடுத்தது இந்த வயதிலும் போகவில்லை. நாற்பத்திரண்டு இடத்தில் "இல்லை" என்று எழுதினேன். "டம்மிக்கு எதுக்கு அத்தை இவ்வளவு அழகு?" என்று கேலி செய்தாள். பரிசீலனை அன்று என்ன நடந்தது தெரியுமா? வக்கீல்கள் ஒரு பக்கம் முழுவதையும் நிரப்பாமல் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டிருந்தார்கள். திருத்தச் சொல்லி அதிகாரி நேரம் கொடுத்தும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறார்கள். மாவட்டத்தின் மனு தள்ளுபடி. உன் மனைவியின் மனு ஏற்பு. இப்போது கட்சியின் வேட்பாளர் அவள்தான்.

மறுநாளே கட்சியிலிருந்து நான்கு பேர் வந்து நம் கூடத்தை நிறைத்தார்கள். மாவட்டத்தின் மச்சான் சுயேச்சையாக மனு போட்டிருக்கிறாராம். இவள் வாபஸ் வாங்கிவிட்டால் கட்சி அவரை ஆதரிக்குமாம். இத்தனையையும் அவள் எதிரில் நிற்கும்போதே என்னைப் பார்த்துச் சொன்னார்கள். "நீங்க பெரியவங்க, ஒரு வார்த்தை சொன்னா தங்கச்சி கேட்டுக்கும்மா." வேட்பாளர் அவள், அவளிடம் பேசுங்கள் என்றேன். அவள் ஒன்றுதான் கேட்டாள். "அண்ணே, இந்தத் தொகுதியில எத்தனை தெரு இருக்குன்னு உங்க மச்சானுக்குத் தெரியுமாண்ணே?" வாபஸ் படிவத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள், போய் உனக்குப் போன் செய்தார்கள்.

நீ அவளைக் கூப்பிட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடு, நமக்கு இதெல்லாம் வேண்டாம் என்று சொன்னாய். நான்கு ஆண்களுக்கு அசையாதவள் உன் ஒரு போனுக்கு ஆடிப்போய்விட்டாள். நேற்று படிவத்தை என் முன்னால் வைத்து, "அவரு வேணாங்கறாரு. நான் என்ன அத்தை செய்யட்டும்?" என்றாள். துண்டை எப்படி மடிப்பது என்பதற்குக்கூட என்னிடம் அபிப்பிராயம் உண்டு என்பது உனக்குத் தெரியும். இதற்கு மட்டும் நான் சொல்லவில்லை. ஜெயித்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். ஒன்றரை மணி நேரம் பேசினாள். பிரசவ வார்டில் கழிப்பறைக்குக் கதவு இல்லாதது, தையல் ஆலையில் ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள் கை காட்டியும் நிற்காமல் போகிற பஸ், எந்தத் தெருவில் எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் நிற்கிறது என்பது வரைக்கும். காப்பி ஆறிப்போனது, நான் திட்டவில்லை. பதினோரு வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும் இதில் ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், அவள் படத்தின் மேல் சேறு பூசுவார்கள், நீ தூரத்தில் இருந்துகொண்டு கையைப் பிசைவாய். தோற்கவும் கூடும், கட்சிக்காரர்களே தோற்கடிப்பார்கள். இதையெல்லாம் அவளும் சொன்னாள், உன்னை விடத் தெளிவாகவே சொன்னாள். உன் அப்பா இருந்தவரை அவர் சொன்ன சின்னத்துக்கே நான் ஓட்டுப் போட்டேன் என்று அவர் நம்பினார். ஒரு தடவை போடவில்லை. அவர் கடைசி வரை கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை. உலகம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

இன்று மூன்று மணியோடு வாபஸ் நேரம் முடிவு. காலையில் அவள் படிவத்தில் கையெழுத்துப் போடாமலேயே கிளம்பும்போது, எந்தத் தெருவுக்குப் போகிறாய் என்று என்னிடம் சொல்லாதே என்றேன். பொய் சொல்ல எனக்கு வராது. ஒரு மணிக்குக் கட்சிக்காரர்கள் காரில் வந்து தேடினார்கள். தெரியாது என்றேன், உண்மையிலேயே தெரியாது. அவள் கைப்பேசியை மேசையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள், "அவர் குரலைக் கேட்டா என்னால முடியாது அத்தை" என்று. பன்னிரண்டிலிருந்து மூன்றுக்குள் நீ ஐந்து முறை கூப்பிட்டாய். ஒவ்வொரு முறையும் திரையில் உங்கள் கல்யாணப் படம் வந்தது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எடுத்திருந்தால் அவளைத் தேடி ஆள் அனுப்பு என்று நீ கேட்டிருப்பாய், மகன் கேட்டு நான் மறுத்த பழக்கமில்லை. எடுக்கவில்லை. கோபப்படுவதென்றால் என் மேல் படு, அவள் மேல் வேண்டாம். இப்போது மணி நாலு. அவள் இன்னும் வீடு திரும்பவில்லை, எங்கோ ஒரு வாசலில் நின்று தன் பெயரைச் சொல்லி ஓட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

உனக்கு என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. கண்ணுக்கு மருந்து விடுவதை நிறுத்தாதே. ஓட்டுப் பதிவுக்கு லீவு கிடைக்குமா என்று மேலதிகாரியிடம் கேள், பட்டியலில் உன் பெயர் இருக்கிறதா என்று அவள் பார்த்துவிட்டாள், இருக்கிறது. இந்தக் கடிதம் வருவதற்குள் அவளோடு நீ பேசியிருப்பாய். கடுமையாக ஏதாவது சொல்லியிருந்தால் மறுபடியும் கூப்பிடு. காலை ஏழு மணிக்குள் என்றால் வீட்டில் இருப்பாள். இன்றைக்கு எந்தத் தெரு என்று கேள், கேட்டுவிட்டு அவள் பேசி முடிக்கும் வரை "ம்" போடு.

என்றும் உன் நலம் விரும்பும்,
அம்மா