நான் கழற்றாத வயர்

இன்று காலை பள்ளி அலுவலகத்தில் கம்ப்யூட்டரைப் போட்டேன். திரை வந்தது. கீபோர்டில் எதை அழுத்தியும் ஓர் எழுத்தும் விழவில்லை. மவுஸைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் எரியும் சிவப்பு விளக்கும் இல்லை. பக்கத்தில் நின்ற தலைமையாசிரியை, "ஏனுங்க, குன்னூருக்கு போன் பண்ணி ஆள வரச் சொல்லட்டுங்களா?" என்றார். "வேண்டாங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் ஓரடி பின்னால் நகர்ந்துவிட்டார்.

மேசைக்கடியில் புகுந்தேன். நீ சொன்ன வரிசை மாறாமல் செய்தேன். கம்ப்யூட்டர் பெட்டியை அணைத்து, கரண்ட் வயரைப் பிடுங்கி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, இரண்டையும் பின்பக்கத்து ஓட்டைகளில் மாற்றிச் செருகி, மறுபடி போட்டேன். விளக்கு எரிந்தது. "பரவால்லீங்களே, நீங்களே சரி பண்ணிட்டீங்க" என்றார் அவர். நான் வராந்தாவுக்குப் போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ போய் மூன்று வருடமாகிறது.

குன்னூரில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் படித்தோம். நான் மஞ்சூர்ப் பள்ளிக்கு எழுத்தர் வேலைக்கு வந்தேன். நீ குன்னூரிலேயே படிக்கட்டுச் சந்தில் ரிப்பேர் கடை போட்டாய். வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, "கடைக்காரர் இல்லீங்களா?" என்பார்கள். உதட்டில் ஸ்க்ரூவைக் கவ்வியபடி, "நாந்தானுங்க" என்பாய். பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. உனக்குக் கோபம் வராது. "மறுபடி வருவாங்க பாரு" என்பாய். பாதிப் பேர் வந்தார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் அன்று, பிளஸ் டூ பிள்ளைகளின் விவரங்களைச் சாயங்காலத்துக்குள் ஏற்றியாக வேண்டும். காலையிலேயே கீபோர்டும் மவுஸும் சேர்ந்து நின்றுவிட்டன. அப்போதிருந்த தலைமையாசிரியர் என் நாற்காலிக்குப் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தார். உனக்கு போன் செய்தேன்.

"ரெண்டும் ஒரே நேரத்துல கெட்டுப்போகாதுடி. கோளாறு பெட்டியிலதான். கரண்ட் வயரக் கழட்டு. பவர் பட்டன அரை நிமிஷம் அமுக்கிப் புடி. அப்புறம் ரெண்டையும் பின்னாடி ஓட்டையில மாத்திச் சொருகு."

"அதெல்லாம் பண்ணிட்டேன்டி."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

நான் பண்ணவில்லை. பெட்டி பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், விடைத்தாள் கட்டுகளுக்குப் பின்னால் இருந்தது. தலைமையாசிரியர் முன்னால் தரையில் தவழக் கூச்சமாக இருந்தது. அது மட்டுமில்லை. உன்னைப் பார்த்து நாலு மாதமாகியிருந்தது. நீ வந்தால் ஒரு டீ குடித்தபடி பேசலாம் என்று ஆசைப்பட்டேன். இந்த ஆசையை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"இங்க மழை ஊத்துது. செரி, கொஞ்சம் வெறிச்சதும் கெளம்பி வர்றேன்" என்றாய்.

டீயோடு நீ தின்ன, கடையில் மொறுமொறுவென்று வர்க்கி ரொட்டி வாங்கி வைத்தேன். மதியம் தாண்டியது. நீ வரவில்லை. தலைமையாசிரியரின் முகத்தைப் பார்க்க முடியாமல், கடைசியில் நானே கட்டுகளை நகர்த்தி உள்ளே புகுந்தேன். நீ சொன்னதைச் செய்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. எல்லாம் வேலை செய்தது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. நீ பாதி வழியில் இருந்தால் திரும்பிப் போகச் சொல்லலாம் என்று போன் செய்தேன். என்னைத் திட்டப்போகிறாய் என்று நினைத்தேன்.

ஓர் ஆண் குரல் எடுத்தது. "இந்த போன்காரங்களுக்கு நீங்க என்ன ஆகோணுமுங்க?"

பஸ் கண்டக்டர் அவர். "கற்பூர மரம் ரோட்டுல சாஞ்சுருச்சுங்க. அவங்க ஸ்கூட்டர் அடியில மாட்டிக்கிச்சு. பஸ்ஸ நிறுத்தி எல்லாருமாச் சேந்து தூக்கிப் பாத்தோமுங்க..."

விவரங்களை வேறோர் ஆசிரியர் உட்கார்ந்து ஏற்றினார். ஒரு பிள்ளையின் பெயரும் விட்டுப்போகவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் உன் வீட்டுக்காரர், "வேலைனு கூப்பிட்டா அவ நிக்க மாட்டாளுங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பார்க்கும்போதெல்லாம் ஒரு வருடம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போய், வயரைக் கழற்றாமலே கழற்றியதாக உன்னிடம் சொன்னதை அவரிடம் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. தேயிலை ஃபேக்டரி வேலைக்குக் கிளம்ப ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டிருந்தவர் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார்: "நீங்க சொல்லி எறக்கி வெச்சுட்டீங்க. நான் இத எங்க கொண்டுபோயி எறக்கறதுங்க?"

வாசல்வரை வந்தவர், "பாப்பாகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க" என்றார். சொல்ல மாட்டேன் என்றேன்.

உன் மகள் இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். உன்னைப்போலவே எதையும் கழற்றிப் பார்க்கிற கை. லீவு விட்டால் என்னிடம் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவாள். போன மாதம் வந்தபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்: "பெரீம்மா, அன்னைக்கு அம்மா சரி பண்ண வந்தாங்களே, அது பெரிய ரிப்பேருங்களா? அம்மா வராம முடியாதுங்களா?"

உன் வீட்டுக்காரருக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். அவள் முகத்தில் உன் கண் ஒரு பக்கம்.

"ஆமா சாமி" என்றேன். "ரொம்பப் பெரிய ரிப்பேரு. உங்கம்மாவத் தவிர யாராலயும் முடியாது."

அவள் தலையாட்டிவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள்.