பதினொன்றாம் அரசன் குறித்து

மார்ச் 4

1. இதை எழுதுபவன் ஓய்வுபெற்ற வழக்கறிஞன்; வயது அறுபத்தெட்டு.
2. கல்வெட்டாய்வாளனான என் தம்பி, இடைக்கால அரச மரபொன்றின் வம்சாவளியை முப்பதாண்டுகளாகத் தொகுத்தவன். இப்போது படுக்கையில் இருக்கிறான். அச்சுக்குப் போகுமுன் அதைச் சரிபார்க்கும் பொறுப்பு என்னுடையது.
3. பட்டியலிலுள்ள பதினொன்றாம் அரசன் அவனுடைய கண்டுபிடிப்பு; வேறெவரும் அறியாதவன்.

"கோர்ட்ல நீ யாரையும் நம்பினதில்ல. செத்து எண்ணூறு வருஷமான மனுஷனையாவது நம்புண்ணா" என்றான்.

மார்ச் 9

பத்தாம் அரசன்வரை ஆட்சேபணை இல்லை.

மார்ச் 13

இரண்டு கல்வெட்டுப் படிகளை அருகருகே வைத்தேன். ஒன்றில் ஓர் அரசி, "என் ஒரே மகன்" என்று பத்தாம் அரசனைக் குறிப்பிட்டு நிலம் அளிக்கிறாள். மற்றதில் அதே அரசி, "இரண்டாம் முறை முடிசூடிய என் ஒரே மகன்" என்று பதினொன்றாமவனைக் குறிப்பிடுகிறாள். தம்பியின் பட்டியலில் இவர்கள் தந்தையும் மகனும்.

மீண்டும் முடிசூடியபோது பெயரை மாற்றி, ஆட்சியாண்டையும் ஒன்றிலிருந்து எண்ணியிருக்கிறான். ஒரே ஆள். முதல் படியைத் தம்பி இளமையில் எடுத்தான். அடுத்தது கிடைக்கப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. சேர்த்துப் பார்க்கவே இல்லை.

சொல்வதா? மருத்துவர் இரண்டு வாரம் என்கிறார்.

மார்ச் 15

"என்னண்ணா, என் ராஜாவைக் குறுக்கு விசாரணை பண்ணிட்டியா?"

"ஆச்சு."

"தாங்கினாரா?"

"தாங்கிட்டார்டா."

சிரித்தான். சிரிப்பு இருமலாகி, நிற்க வெகுநேரம் ஆயிற்று.

மார்ச் 24

காலை ஆறேகாலுக்குத் தம்பி போய்விட்டான். எனக்கு முன்னாடி — அப்படி என்னடா அவசரம் உனக்கு?

ஏப்ரல் 10

பதினொன்றாமவனை நீக்க வேண்டும் என்றதற்கு அச்சகக்காரர், "அப்படியே விட்டுடுங்க சார், அந்த ராஜாவோட பேரனா வந்து கேஸ் போடப்போறான்?" என்றார்.

தம்பி மனைவி இரு படிகளையும் வாங்கிப் பார்த்தாள். நான் மறைத்ததையும் சொன்னேன்.

"சொல்லியிருக்கலாமே மாமா. பென்சிலைக் கேட்டு வாங்கி, அவரே அடிச்சிருப்பாரு."

ஏப்ரல் 11

1. பதினொன்றாம் அரசன் என எவரும் இருந்ததில்லை. இன்று என் கையால் அடித்தேன்.
2. மார்ச் 15 அன்று நான் கூறியது, அறிந்தே கூறிய பொய்.
3. தன் பிழையைத் தானே திருத்தும் உரிமை தம்பிக்கு இருந்தது. அதை அவனுக்குக் கிடைக்காமல் செய்தவன் நான்.

ஒப்பம்: அண்ணன்
சாட்சிகள்: தம்பி மனைவி, அச்சகக்காரர்