இடப்பக்கத்து ஆள் உருட்டும் விதி

என் செல்ல அண்ணனுக்கு, இப்போது யாரையெல்லாம் சுற்றி உட்காரவைத்துக் கதை நடத்திக்கொண்டிருக்கிறாயோ, அந்த இடத்துக்கு,

நம் விளையாட்டு விதிப் புத்தகத்தின் புதுப் பதிப்பு வந்துவிட்டது, அண்ணே. வரும் வரும் என்று காத்துக் கிடந்தாயே, அதேதான். கூரியர்காரர் நான் வேலை பார்க்கிற மருந்துக்கடைக்கே கொண்டுவந்து தந்தார். வீட்டுக்குப் போய்ப் பிரிக்கலாம் என்றுதான் நினைத்தேன், கை சும்மா இருந்தால்தானே. இருமல் மருந்து கேட்டு வந்தவரை நிற்கவைத்துவிட்டு அட்டையைத் தடவிக்கொண்டிருந்தேன். "ஏம்மா, பரீட்சையா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

இந்தக் கடிதத்தை வேறு யாராவது எடுத்து வாசித்தால் நம் விளையாட்டு புரியாது. நீ ஊரில் சொல்கிற மாதிரியே சொல்லிவிடுகிறேன்: தாயம் மாதிரிதான், ஆனால் காய்க்குப் பதில் ஆள். ஒருவர் கதையை நடத்துவார்; தன் குறிப்பும் பகடையும் மற்றவர்கள் கண்ணில் படாமல் முன்னால் ஒரு மறைப்பு அட்டையை நிறுத்திக்கொள்வார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வேஷம் எடுத்துக்கொண்டு அந்தக் கதைக்குள் போவார்கள். பாழடைந்த கோட்டைக்குள் நுழைவோம், பூதத்தோடு மல்லுக்கட்டுவோம். நினைத்தது நடக்குமா என்பதை இருபது முகம் உள்ள பகடை சொல்லும். சங்கரன்கோவிலில் இதை ஆடத் தொடங்கியவர்கள் நீ, நான், தறி மெக்கானிக் இசக்கியண்ணன், பேன்சி ஸ்டோர் ஜெனிபர். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மதியம், ஜெனிபர் கடை மாடியில்.

நீ போய்ச் சேர்ந்த பிறகு கதை நடத்துவது நான்தான். திட்டாதே, சுமாராக நடத்துகிறேன்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். என்ன சண்டை என்கிறாய்! ஊர் ஊராக இதை ஆடுகிறவர்களின் இணையக் குழு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. எல்லாம் ஒரே ஒரு புது விதிக்காக. நம் ஆள் அடிபட்டு விழுந்து உயிர் இழுத்துக்கொண்டிருக்கும்போது, பிழைப்பானா மாட்டானா என்று கூட ஆடுகிற இன்னொருவர் பகடை உருட்டலாமாம். பழசுக்காரர்கள் கொதிக்கிறார்கள். தன் சாவுக்குத் தானே உருட்டுவதுதான் விளையாட்டு, இது பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற வேலை என்கிறார்கள். கூட ஆடுகிறவன் பின்னே எதற்கு இருக்கிறான் என்கிறார்கள் புதுசுக்காரர்கள். சோறு தண்ணி இல்லாமல் அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு ஒரே கொண்டாட்டம்.

நான் சும்மா இருப்பேனா? "இதில் என்னங்க புதுசு? பழைய பதிப்பிலேயே உண்டு. இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிற ஆள் உருட்டுவார். நாங்கள் வருஷக்கணக்காக அப்படித்தான் ஆடுகிறோம்" என்று எழுதினேன். எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டார்கள். அப்போதுதான் பழைய புத்தகத்தை முதன்முதலாகத் திறந்தேன். நம் வழக்கம் அப்படி. நீ இங்கிலீஷில் வாசிப்பாய், எங்களுக்குத் தமிழில் சொல்வாய், நீ சொன்னால் அது விதி. நீ போன பிறகும் ஞாபகத்தில் இருந்ததை வைத்தே ஒப்பேற்றிவந்தேன்.

அப்படி ஒரு விதியே இல்லை, அண்ணே. முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டேன். குழுவில் என்னை வைத்துச் செய்துவிட்டார்கள். சங்கரன்கோவிலுக்கு மட்டும் தனிப் பதிப்பா என்று ஒருவர் கேட்டார்.

உன் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. பிறகு யோசித்தேன், இந்த விதி எப்போது வந்தது? ஆரம்பத்தில் இசக்கியண்ணன் எப்படி உருட்டினாலும் ஒன்று, இரண்டுதான் விழும். அவர் ஆள் செத்துக்கொண்டே இருப்பான். ஒருநாள், "நமக்கு ராசியில்ல வே, இனிமே நான் வரல" என்று பகடையை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். நீ அவர் வீட்டுக்கே போய், "புத்தகத்துல இதுக்கு ஒரு விதி இருக்குலே, நான்தான் கவனிக்கல" என்று கூட்டிவந்தாய். அவருக்கு இடப்பக்கம் போய் உட்கார்ந்ததும் நீதான். அதற்குப் பிறகு அவர் ஆள் சாகவே இல்லை. கள்ளப்பயலே என்று திட்ட வாய் வருகிறது, அண்ணனாகப் போய்விட்டாய்.

இதில் கூத்து என்னவென்றால், புதுப் பதிப்பு வேண்டவே வேண்டாம் என்று நிற்பவரும் அதே இசக்கியண்ணன்தான். நான் புத்தகத்தை மேசையில் வைத்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "நாராயணன் ஆடுன புத்தகத்துல ஆடுனா வாரேன். இல்லன்னா என்னைய விட்டுருங்க" என்று உன் பெயரைச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் வரவில்லை. நானும் ஜெனிபரும் மட்டும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டு என்னத்தை ஆட? நீ சேர்த்த கூட்டம் என் கையில் கலைந்துவிடுமோ என்று பயந்தேன். நிஜமாகவே பயந்தேன்.

அவர் வேலை பார்க்கிற தறிக்கூடத்துக்கே போனேன். அந்தச் சத்தத்தில் எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். இதை எப்படிக் கத்துவது? வெளியே டீக்கடைக்குக் கூட்டிப்போனேன்.

"இசக்கியண்ணே, எடப்பக்கத்து ஆளு உருட்டுத விதி பழைய புத்தகத்துல கெடையாது. உங்களுக்காவ அண்ணன் கட்டிவிட்டது. புதுசுலதான் அச்சாகியே வந்துருக்கு."

அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். "தெரியும்ட்டி. அப்பவே செல்லுல தேடிப் பாத்துட்டேன். மறைப்பு அட்டைக்குப் பின்னால உருட்டிட்டு, எப்பப் பாத்தாலும் பதினெட்டு, பத்தொம்பதுன்னா எவன் நம்புவான்?"

"பெறவு ஏன் பழைய புத்தகம்தான் வேணும்னு நிக்கீய?"

"புத்தகத்துல என்ன இருக்கு. அங்கன வந்து உக்காந்தா எடப்பக்கம் காலியா கெடக்கு. புதுசையும் அவன் இல்லாம பிரிக்கணுமான்னு இருந்துச்சு. அத எப்படி வாய்விட்டுச் சொல்ல? அதான் புத்தகத்தச் சொன்னேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. டீக்கடைக்காரர் பார்க்கிறாரே என்று கூச்சம் வேறு. "அங்கன நான் உக்காருதேன்" என்றேன்.

"உனக்குப் பொய்யா உருட்ட வருமா?"

"வராது."

"அப்ப நான் செத்தேன்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

வெளியே வந்ததும் குழுவில் எழுதினேன்: "ஆமாம், சங்கரன்கோவிலுக்குத் தனிப் பதிப்புதான். உண்டாக்கியவர் என் அண்ணன்." பழசுக்காரர் ஒருவர், அப்படி ஆடினால் சாவு பயமே இல்லாமல் போகாதா என்று கேட்டிருந்தார். நீ இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பாய்?

ஞாயிற்றுக்கிழமை இசக்கியண்ணன் எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். நான் அவருக்கு இடப்பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டேன். மறைப்பு அட்டையை மடித்துக் கீழே வைத்தேன். கதை சூடு பிடித்துவிட்டது, அண்ணே. ஜெனிபர் எழுந்து நின்று ஆடுகிறாள். கோட்டை வாசலில் பூதம் அடித்த அடியில் இசக்கியண்ணனின் வாள்வீரன் விழுந்தான். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பத்துக்கு மேல் விழுந்தால் பிழைப்பான். உருட்டினேன்.

நான்கு.

ஜெனிபர் வாயைப் பொத்திக்கொண்டாள். இசக்கியண்ணன் பகடையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏட்டி, உங்கண்ணன் இத்தன வருசமா இழுத்துப் புடிச்சு வச்சிருந்தவன ஒரே உருட்டுல கொன்னுபோட்டியே" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர்தான், கண்ணில் தண்ணீர் வருகிறவரை நிறுத்தவில்லை. நாங்களும் சிரித்தோம். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "புது ஆள் உண்டாக்கணும்லா. அந்தப் புதுப் புத்தகத்த இங்கன தள்ளு" என்றார்.

அவருக்கு இடப்பக்கம் இனி நான் இருப்பேன், அண்ணே. என்றைக்கும் அதைக் காலியாகப் போட மாட்டேன், இது சத்தியம். பிழைக்கவைப்பேன் என்று மட்டும் சத்தியம் கேட்காதே.

இசக்கியண்ணன் ஆளைக் கொன்ற,
உன் ஒரே தங்கச்சி
கோமதி