மலையாளக் காகிதம்

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

கேரளத்து ஏலத்தோட்டத்தில் வேலை முடிந்ததும் கங்காணி எங்கள் ஆறு பேருக்கும் ஆளுக்கொரு மலையாளக் காகிதம் கொடுத்தார். "போனசுக்குத்தான். வெரசா கையெழுத்துப் போடுங்க, ஜீப்பு நிக்குது" என்றார்.

ஐம்பது வயதில் ஒன்றாம் வகுப்பு மலையாளப் புத்தகம் வாங்கிப் படித்துவருகிறேன். வீட்டில் எல்லாருக்கும் சிரிப்புதான். காகிதத்தை எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

"அண்ணே, சொந்த விருப்பத்துல வேலைய விட்டு நிக்கிறோம்னுல்ல எழுதியிருக்கு?"

அவர் முகம் மாறியது. "உனக்கு எப்ப இதெல்லாம் படிக்கத் தெரிஞ்சது?"

பக்கத்தில் நின்ற பேச்சி பேனாவை மூடினாள். யாரும் கையெழுத்துப் போடவில்லை.

ஜீப் எங்களைப் போடிநாயக்கனூரில் கொண்டுவந்து விட்டது. இறங்கும்போது பேச்சி, "அக்கா, எனக்கும் அந்த எழுத்தச் சொல்லிக் குடு" என்றாள்.

நாளை எங்களை ஏற்ற ஜீப் வருமா, தெரியவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் சாயங்காலம் அவளை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.